பழி உன் அம்மாவுடையது அல்ல

சரவணா,

திங்கட்கிழமை காலையில் நீ வேலைக்காகக் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறுகிறாய். உன் பையில், மாத்திரைப் பெட்டிக்கு அடியில், இந்தக் காகிதங்களை மடித்து வைக்கப்போகிறேன். போய்ச் சேர்ந்து, அறையில் சாமான்களை எடுத்து வைத்து, சாப்பிட்ட பிறகு படி. முப்பத்தோரு வருஷம் மருந்துக்கடையில் நின்றவன் நான். மாத்திரைக் கவர் மேல் ‘காலை ஒன்று, இரவு ஒன்று’ என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். இவ்வளவு நீளமாக யாருக்கும் எழுதியதில்லை. நேரில் சொல்லலாம் என்று ஆறு மாதமாக முயன்று பார்த்தேன். உன் எதிரில் உட்கார்ந்ததும், “சாப்பிட்டியா, கால் வீங்கியிருக்கா” என்பதைத் தாண்டி வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். படித்த பிறகு இதை யாரிடமாவது காட்ட வேண்டும் என்று தோன்றினால் காட்டு. மறைக்க வேண்டிய கடிதம் இல்லை இது. மறைத்ததெல்லாம் போதும்.

ஆறு மாதத்துக்கு முன்னால் உனக்கு மறுபடியும் டயாலிசிஸ் ஆரம்பித்த முதல் நாள். கையில் இரண்டு ஊசிகளையும் ஏற்றியாகிவிட்டது. மெஷின் ஓடத் தொடங்கியதும் நீ என் பக்கம் திரும்பி, “அப்பா, ஒங்களோடதையும் கெடுத்துப்புட்டேன், மன்னிச்சுருங்க” என்றாய். நான் டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போனேன். டீ வாங்கவில்லை. சைக்கிள் நிறுத்தும் இடத்தில், வெயிலில், ஒரு மணி நேரம் நின்றுகொண்டிருந்தேன். நான் உனக்குக் கொடுத்த சிறுநீரகம் நின்றுபோனதற்கு நீ என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாய். அதற்கு என்ன பதில் சொல்வது? சொல்ல வேண்டிய பதில் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் தொடங்குகிறது.

உனக்கு அப்போது பதினைந்து வயது. தொண்டை வலி, காய்ச்சல் என்று பள்ளிக்கூடம் போகாமல் படுத்திருந்தாய். நான் கடைக்குக் கிளம்பிச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். கொல்லைப் பக்கமிருந்து, “அப்பா, இங்குட்டு வாங்களேன்” என்று கூப்பிட்டாய். வந்து பார்த்தேன். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போயிருந்தது. உன் முகம் வெளுத்துப்போயிருந்தது. நான் சிரித்தேன். “சூடுடா. மூணு நாளா வெயில்ல கிரிக்கெட் ஆடுனா வேற என்ன வரும்? எளநீ குடி, சரியாப் போகும். அம்மாட்ட சொல்லிக்கிறாத, பயந்துருவா” என்றேன். தொண்டைக்கு ஐந்து நாள் மாத்திரையைக் கடையிலிருந்து கொண்டுவந்தேன். இரண்டே நாளில் சிறுநீர் தெளிந்துவிட்டது. “சொன்னேன்ல?” என்று உன் தலையைத் தட்டினேன். அடுத்த வருஷம் சளி பிடித்தபோது மறுபடியும் அப்படி ஆனது. அப்போது நீ என்னைக் கூப்பிடக்கூட இல்லை. நாலு நாள் கழித்து, “அன்னைக்கு மாதிரியே சூடு வந்துச்சுப்பா, எளநீ குடிச்சேன்” என்றாய். நான் சொல்லிக்கொடுத்த பாடம் உனக்கு நன்றாகப் பதிந்திருந்தது.

எனக்கு அப்போது இருந்த கர்வத்தை நீ அறிவாய். காரைக்குடியில் டாக்டரிடம் போவதற்கு முன்னால் என்னிடம் வந்து கேட்டுவிட்டுப் போகிறவர்கள் எத்தனை பேர்! கல்லலிலிருந்து பஸ் ஏறி வந்து, கடை முதலாளியை விட்டுவிட்டு, “அண்ணன் இருக்காகளா?” என்று என்னைத் தேடுவார்கள். படித்தது பன்னிரண்டாம் வகுப்பு. ஆனால் மருந்துப் பெயர்கள் எல்லாம் வாயில் இருக்கும். அந்த மரியாதை என் கண்ணை மறைத்துவிட்டது. என் பிள்ளையை இன்னொருவரிடம் காட்டுவதே எனக்குக் குறைச்சல் என்று எண்ணினேன்.

பாலிடெக்னிக்கில் படித்த மூன்று வருஷமும் உனக்குத் தலைவலி. விடுதியிலிருந்து வரும்போதெல்லாம் நெற்றியைப் பிடித்துக்கொண்டுதான் வருவாய். நான் வலி மாத்திரை அட்டையை உன் பையில் போட்டு அனுப்புவேன். ஒன்றல்ல, இரண்டு மூன்று அட்டைகள். கடையில் என் மேசை மேலேயே ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இருந்தது, சரவணா. தினமும் பத்துப் பேருக்கு அதன் பட்டையைக் கையில் சுற்றிப் பார்ப்பேன். நீ சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு கடைக்கு வருவாய், அந்த மேசையில் கையூன்றி நின்று பேசுவாய். ஒரே ஒரு தடவை அதை உன் கையில் சுற்றியிருக்கலாம். இருபது வயதுப் பையனுக்கு எதற்கு பிரஷர் என்று நினைத்தேன். சிறுநீரகம் கெட்டால் அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏறினால் தலை வலிக்கும், அந்த வலிக்குப் போடும் மாத்திரை சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். இதெல்லாம் எனக்கு அரைகுறையாகத் தெரியும். தெரியாதவன் என்றால் மன்னிக்கலாம்.

சிங்கப்பூர் வேலைக்கு மருத்துவப் பரிசோதனை செய்தபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. சிறுநீரில் புரதம், அழுத்தம் மிக அதிகம், ரத்தத்தில் உப்பு கூடுதல். வேலை போயிற்று. மதுரைக்குப் போனோம். முதுகில் ஊசி போட்டுச் சிறுநீரகத்தில் துளி சதை எடுத்து அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று உனக்கு ரத்தம் எடுக்க வேண்டியிருந்ததால் அம்மா உன்னோடு கீழே இருந்தாள். டாக்டர் அறைக்குள் நான் மட்டும் போனேன். அந்த அறையில் நடந்ததை நான் போன வாரம்வரை யாரிடமும் சொல்லவில்லை.

டாக்டர் நல்ல மனிதர். கம்ப்யூட்டரில் ஒரு படத்தைக் காட்டினார். கருப்புப் பின்னணியில் கிளை கிளையாகப் பச்சை நிறம் மின்னியது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. “கிருமியை எதிர்க்க நம்ம உடம்பு சில எதிர்ப்புப் பொருளை உண்டாக்கும். அதுல ஐஜிஏன்னு ஒண்ணு. ஒங்க பையனுக்கு அது சரியான வடிவத்துல உண்டாகல. ரத்தத்தோட சுத்தி வந்து சிறுநீரக வடிகட்டியில படிஞ்சிருது. பச்சையாத் தெரியிறதெல்லாம் அந்தப் படிவுதான். காப்பி வடிகட்டியில தூள் அடைச்சுக்கிட்டா என்ன ஆகும்? அந்த மாதிரின்னு வச்சுக்கங்க. படிஞ்ச எடம் புண்ணாகி, தழும்பாகி, வேலை செய்யாமப் போயிரும்” என்றார். இந்த நோய் வந்தும் மாத்திரையோடு ஆயுள் முழுக்க நன்றாக இருப்பவர்கள் உண்டு என்றும் சொன்னார். உனக்குத் தழும்பு அதிகமாகிவிட்டது, தாமதமாக வந்திருக்கிறீர்கள் என்றார்.

பிறகு இரண்டு கேள்விகள் கேட்டார். “சின்ன வயசுல தொண்டை வலி வந்தப்ப மூத்திரம் சிவப்பாப் போச்சா?” என்பது முதல் கேள்வி. “இல்ல சார், அப்படி எதுவும் கவனிக்கல” என்றேன். யோசிக்காமல் வந்த பொய். “குடும்பத்துல யாருக்காச்சும் கிட்னி நோய் உண்டா?” என்று அடுத்துக் கேட்டார். “அவன் தாய்மாமனுக்கு இருந்துச்சு சார், அதுலதான் செத்தாரு” என்றேன். அவருக்கு எத்தனை வருஷம் சர்க்கரை என்று டாக்டர் விசாரித்தார். சொன்னேன். “அது சர்க்கரையால வந்தது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல” என்று தெளிவாகச் சொன்னார்.

வெளியே வந்தேன். அம்மா படிக்கட்டில் ஏறி வந்துகொண்டிருந்தாள். நான் சொல்வதற்குள், “எங்க அண்ணனுக்கு இருந்துச்சே, அதுதானாங்க? எங்க வீட்டுலருந்து வந்ததா?” என்று கேட்டாள். சம்பந்தமே இல்லை என்று டாக்டர் சொல்லி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. நான், “இருக்கலாம்” என்றேன்.

ஏன் சொன்னேன் என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். அவளை நோகடிக்கச் சொல்லவில்லை. கொல்லைப் பக்கம் நீ என்னைக் கூப்பிட்ட அந்தக் காலைப் பொழுதை அவள் கேட்டுவிடக் கூடாது என்ற பயம். காரணம் ஒன்று கிடைத்துவிட்டால் அதற்குமேல் யாரும் தோண்டமாட்டார்கள் அல்லவா? அவள் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒங்க வம்சத்துல இப்படி ஒண்ணு இல்லையேங்க, எங்கிட்டருந்துல்ல வந்துருச்சு” என்றாள். நான் அவளைத் தேற்றினேன். அதுதான் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. நானே பழியைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டு, “விடு, நீ என்ன செய்வ” என்று முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் மாத்திரை, உப்பில்லாத சாப்பாடு, முகம் உப்பவைக்கும் ஸ்டீராய்டு. அப்புறம் டயாலிசிஸ். நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளந்து கொடுப்பாள் உன் அம்மா. நீ கேட்டால் கொடுத்துவிடுவோமோ என்று பயந்து, தான் குடிப்பதைக்கூட உன் கண்ணில் படாமல் குடிப்பாள். மாற்றுச் சிறுநீரகம் என்ற பேச்சு வந்ததும் முதலில் கை தூக்கியவள் அவள்தான். “எங்கிட்டருந்துதானே போச்சு, நாந்தான் குடுக்கணும்” என்றாள். அவளுக்குச் சர்க்கரை இருந்ததால் டாக்டர் மறுத்துவிட்டார். அன்று அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுத அழுகையை நீயும் பார்த்தாய். கொடுக்க முடியவில்லையே என்று அழுகிறாள் என்றுதான் நீ நினைத்திருப்பாய். எனக்கு அந்த அழுகைக்கு அர்த்தம் தெரியும். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால், திருச்சியில், வேறொரு டாக்டர் உன்னிடம் அதே பழைய கேள்வியைக் கேட்டார். சின்ன வயதில் சிவப்பாகப் போனதா என்று. நான் பக்கத்தில் நின்றேன், அம்மா கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். நீ என்னை ஒரு தரம் பார்த்தாய். பிறகு டாக்டரிடம், “ஞாபகமில்ல சார்” என்றாய். உனக்கு ஞாபகம் இருந்தது, சரவணா. எனக்குத் தெரியும். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாய். உனக்கு என் உடம்பிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன் என்று ஊரே பேசியது. அதற்கு முன்பே நீ எனக்குக் கொடுத்துவிட்டதை யாரும் அறியவில்லை.

என் சிறுநீரகம் உனக்குப் பொருந்திய அந்த நாட்கள் நம் வீட்டின் நல்ல நாட்கள். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று நர்ஸ் வந்து சொன்னதும் நீ ஒரு பாட்டிலை எடுத்து, நிறுத்தாமல், கழுத்து வழியாகச் சட்டைக்குள் வழிய வழியக் குடித்தாய். குடித்துவிட்டுச் சிரித்தாய். அம்மா இன்னொரு பாட்டிலை மூடி திறந்து கையில் வைத்துக்கொண்டே நின்றாள். நீ வேலைக்குப் போனாய். கானாடுகாத்தானில் பெரிய வீடொன்றை ஹோட்டலாக மாற்றும் வேலைக்கு வரைபடம் போட்டாய். மேல்மாடிக்கு என்னைக் கூட்டிப்போய், எந்தச் சுவரைத் தொடாமல் எப்படிக் குழாய் கொண்டுவந்தேன் என்று காட்டினாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் நீ மூச்சு வாங்காமல் மூன்று மாடி ஏறினதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வருஷம் சிறுநீரில் மறுபடியும் புரதம். மறுபடியும் ஊசி, மறுபடியும் அந்தப் படம். இந்தத் தடவை அது என் சதை. ஐம்பத்தாறு வருஷம் என் உடம்புக்குள் பழுதில்லாமல் இருந்த சதை. அதிலும் அதே பச்சை மின்னியது. சிறுநீரகத்தைத்தான் மாற்ற முடியும், எதிர்ப்புப் பொருளை உண்டாக்கும் உடம்பு பழையதுதானே என்றார் டாக்டர். சிலருக்குத் திரும்பி வந்தாலும் ஒன்றும் செய்யாது, சிலருக்கு மெதுவாக அரிக்கும் என்றார். உனக்கு அரித்தது. அம்மாவிடம் சொன்னபோது அவள், “ஒங்களோடது நல்லதாச்சேங்க, அதையுமா எங்க ரத்தம் கெடுத்துச்சு?” என்று கேட்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ‘இல்லை, உன் அண்ணனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, டாக்டர் அன்றைக்கே சொன்னார்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அடுத்த வருஷம் ஐப்பசியில், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டாயே, அதில் அம்மாவின் குரல் எனக்குக் கேட்டது. ‘கெடுத்துப்புட்டேன்’ என்று அவள்தான் அத்தனை வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளிடமிருந்து உனக்கு அது தொற்றிவிட்டதோ என்று பயந்துபோனேன். அதனால்தான் போன ஞாயிற்றுக்கிழமை, உன்னிடம் ஒரு துக்கத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, நாட்டரசன்கோட்டைக்கு உன் பாக்கியம் சின்னம்மா வீட்டுக்குப் போனேன். அம்மாவிடம் சொல்ல முடியாததை அவள் தங்கையிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

பாக்கியம் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். “வாங்கத்தான், சரவணன் எப்படி இருக்கான்?” என்று உள்ளே கூப்பிட்டாள். காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கொல்லைப் பக்கம், வலி மாத்திரை, டாக்டர் அறை, படிக்கட்டு, ‘இருக்கலாம்’. அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, “எம்புள்ளைக ரெண்டும் இங்க வெளையாண்டுக்கிட்டு இருக்கும். அக்கா வந்தா மொதல்ல அதுகளைப் புடிச்சு உக்கார வச்சு, கணுக்காலக் கட்டைவெரலால அமுக்கி அமுக்கிப் பாப்பா. குழி விழுகுதா, குழி விழுகுதான்னு. மூஞ்சி வீங்கியிருக்கான்னு பாப்பா. நான் வையிவேன், என்னக்கா கூறுகெட்டதனமான்னு. ‘நம்ம ரத்தத்துல இருக்குடி, நீயாச்சும் முன்னாடியே பாத்துக்க’ம்பா. வருசா வருசம் ரெண்டு பயகளுக்கும் மூத்திரம் டெஸ்ட் எடுக்கச் சொல்லி எங்கிட்டச் சண்டை போடுவா” என்றாள்.

எனக்கு அது தெரியாது. அம்மா என்னோடு அங்கே வந்த நாட்களிலும், நான் வெளியே ஆண்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்திருப்பேன்.

“நம்ம ரத்தத்துல ஒண்ணும் இல்லைன்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அத்தான்” என்றாள் பாக்கியம். திட்டவில்லை. அழவும் இல்லை. வழியில் யாரிடமோ விலாசம் கேட்பது மாதிரிச் சாதாரணமாகக் கேட்டாள். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, “சரவணன்கிட்ட இதைச் சொல்லிராதீக. அவனுக்கு இனி ஒங்களை விட்டா யாரு இருக்கா? ஒங்களையும் வெறுத்துட்டா அந்தப் பய எங்க போவான்?” என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஆனால் உன் நல்லதுக்காக மறைக்கிறேன் என்று சொல்லித்தான் ஒவ்வொரு தடவையும் மறைத்தேன். எல்லாம் என் நல்லதுக்காகவே இருந்தது.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நீ எதையும் கெடுக்கவில்லை. உன் அம்மாவும் கெடுக்கவில்லை. இந்த நோய் உனக்கு ஏன் வந்தது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. ஆனால் வந்ததைச் சீக்கிரம் கண்டுபிடித்து, அழுத்தத்தைக் குறைத்து, வலி மாத்திரையை ஒதுக்கியிருந்தால் உன் சொந்தச் சிறுநீரகம் இன்னும் பல வருஷம் ஓடியிருக்கலாம். அந்த வருஷங்களைத் தொலைத்தவன் நான். அம்மாவின் அண்ணன் படத்தை அவள் சாமி அலமாரியிலிருந்து எடுத்துப் பெட்டியில் வைத்ததை நீ பார்த்திருப்பாய். நேற்று அதை எடுத்துத் துடைத்து, அவள் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டேன்.

கோயம்புத்தூரில் பொட்டாசியம் இருக்கும் பழங்களை ஆசைப்பட்டுத் தின்றுவிடாதே. இளநீர் கூடவே கூடாது. ஊசி போடும் கையில் கனத்தைத் தூக்காதே, வாட்ச் கட்டாதே, அந்தக் கையை வைத்துத் தூங்காதே. இறந்தவர்கள் கொடையாகத் தரும் சிறுநீரகத்துக்கு உன் பெயரைப் பதிந்திருக்கிறோம். கூப்பிட்டால் போ. மறுபடியும் அதிலும் படியுமோ என்று பயந்து மறுத்துவிடாதே. படியலாம், படியாமலும் போகலாம். ஆறு வருஷம் ஓடினாலும் ஆறு வருஷம் நீ தண்ணீர் குடிக்கலாம். அந்த அறையில் உன்னோடு இருக்கும் பையன்களிடம் உன் நோயை மறைக்காதே. உனக்கு ஒரு பெண்ணைப் பிடித்தால் அவளிடம் முதல் நாளே சொல்லிவிடு. கேட்டுவிட்டுப் போகிறவள் போகட்டும். என்னை மாதிரி நாளைக்குச் சொல்லலாம் என்று இருக்காதே.

அம்மாவிடம் இனி நான் மன்னிப்புக் கேட்க முடியாது. உன்னிடம் கேட்கிறேன். கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இதைப் படித்த பிறகு உனக்கு என் குரலைக் கேட்கவே பிடிக்காமல் போனால் அதுவும் சரிதான், நான் காரணம் கேட்கமாட்டேன். ஒன்று மட்டும் செய். செவ்வாய், வியாழன், சனி, மெஷினிலிருந்து உன்னைக் கழற்றி, நீ எழுந்து, தலை சுற்றல் நின்று, கால் ஊன்றி நிற்க முடிகிறபோது, என் போனுக்கு ஒரு தடவை அடி. நான் எடுக்கமாட்டேன். இரண்டு தடவை மணி அடித்ததும் நீ வைத்துவிடு. என் பிள்ளை எழுந்து நின்றுவிட்டான் என்று தெரிந்துகொள்கிறேன். எனக்கு அது போதும்.

உன் அப்பா